சாதிப்பெயர் இல்லாமல் ஒரு கத்தியைச் சொல்ல முடியாதா?

ஞாயிற்றுக்கிழமை முதல் இணையத்தில் சவரக்கத்திப் பெயர்ப் பட்டியல் ஒன்று சுற்றிவருகிறது. அதில் என் பெயரைக் கோத்துவிட்டு, 'உங்கள் துறையாயிற்றே' என்று சிரித்தவர்களும் இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். மடக்குச் சவரக்கத்திக்குப் பல மொழிகளில் என்ன பெயர் என்று தேடித் தொகுத்தவர், தமிழுக்கு நேரே முடிதிருத்தும் எங்கள் சாதியின் பெயரை எழுதி, அதன் வாலில் 'கத்தி' என்று ஒட்டியிருக்கிறார். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதே பட்டியலின் மற்ற வரிகளைப் பாருங்கள். ரஷ்யர்களுக்கு அது 'ஒபாஸ்னயா பிரித்வா', அதாவது ஆபத்தான சவரக்கத்தி. பிரெஞ்சுக்காரர்கள் பேச்சுவழக்கில் 'கூப் ஷூ', முட்டைகோஸ் வெட்டி, என்று கேலி செய்கிறார்கள். பிரிட்டனில் கழுத்தறுக்கும் கத்தி, பின்லாந்தில் தாடிக்கத்தி. கூர்மையும் வேலையும் பெயராயின. பிடித்தவனின் பிறப்பு பெயராகவில்லை. தெலுங்கில், முடிதிருத்தும் சாதியின் பெயரால், 'மங்கலி கத்தி' உண்டே என்பீர்கள். உண்டு, அதனால் நம் வாசலைக் கூட்ட வேண்டாமா?

'சவரம் வடசொல், அதனால்தான் தவிர்த்தோம்' என்கிறார் ஒருவர். உண்மைதான்; 'க்ஷுர' என்றாலே சவரக்கத்தி, அதிலிருந்து க்ஷௌரம், அதுவே நம் வாயில் சவரம்; கிரேக்கரின் 'க்ஸுரோன்' அதற்கு உறவுமுறை. ஆகவே சவரக்கத்தி என்னும் சொல்லுக்குள் ஏற்கெனவே ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் மழிகத்தி என்று எழுதுங்கள். மழித்தல் 280ஆம் குறளிலேயே இருக்கிறது. வடசொல் உறுத்துகிற நாக்கில் சாதிப்பெயர் மட்டும் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது?

'அகராதியில் இருக்கிறது' என்பது அடுத்த வாதம். அகராதியில் இருப்பதையெல்லாம் உங்கள் அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்வீர்களா?

என் அப்பா அந்தக் கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது எங்களைப் பேசக்கூட விடமாட்டார். நாற்பது ஆண்டுகள் ஊரே அவர் முன்னால் கழுத்தை நீட்டியது. அவர் கையால் ஒருவருக்கும் கீறல் விழுந்ததாக நான் கேட்டதில்லை. அதே ஊரில், பள்ளிக்கூடப் பையன்கள்கூட அவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அப்பா அதற்குச் சொன்ன பெயர் வெறும் 'கத்தி'. சவரச் சாமான் வைக்கும் பையைக் காட்டி, 'அடைப்பத்திலிருந்து கத்தியை எடு' என்பார். எந்தக் கத்தி என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இதை எழுதும் வரை அந்த வரி திருத்தப்படவில்லை. கீழே இன்னும் மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள்.