லிப்சி இருக்கும்போது கெர்னலுக்கு எதுக்குத் தனி சார்ட்? ஈகோதான், வேறென்ன!

நேற்றிலிருந்து டைம்லைன் முழுக்க அந்த மீம்தான். லினக்ஸ் கெர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) லிப் ஃபோல்டரைப் படமெடுத்துப் போட்டு, லிப்சியில் (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி மொழி நூலகம்) இருப்பதையே திரும்ப எழுதுகிறார்கள், ஈகோ என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பான்கள். சிரித்தவர்களில் பலர் லினக்ஸை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். இருக்கட்டும்.

அல்காரிதத்தைப் பகிரலாம். சூழலைப் பகிர முடியாது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

மீமில் சிவப்பு வட்டம் போட்ட அந்த சார்ட்டையே, அதாவது வரிசைப்படுத்தும் கோடையே, எடுத்துக்கொள்வோம். ஜிலிப்சியின் (லினக்ஸில் வழக்கமான லிப்சி) கியூசார்ட் ஃபங்ஷன் நெடுங்காலம் உள்ளுக்குள் மெர்ஜ் சார்ட் அல்காரிதம்தான். அதற்குத் தற்காலிக இடம் வேண்டும். 1024 பைட்டுக்குள் என்றால் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்போது மட்டும் அதற்குக் கிடைக்கும் மெமரி) எடுத்துக்கொள்ளும், மீறினால் மெமரி ஒதுக்கித் தரும் மால்லாக். மால்லாக் கையில் இடம் இல்லையென்றால் கெர்னலிடம் கேட்கும். கெர்னல் யாரிடம் போய்க் கேட்கும்? அதனால் அங்கே ஹீப் சார்ட்: கூடுதல் இடம் வேண்டாம், ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) இல்லை. குவிக் சார்ட் சராசரியில் கொஞ்சம் வேகம்தான். ஆனால் வேண்டுமென்றே கோணலான தரவைக் கொடுத்து n தரவுக்கு அதன் நேரத்தை n வர்க்கத்துக்கு இழுத்துவிட முடியும். இந்தக் காரணம் அந்தக் கோப்பிலேயே கமெண்டாக எழுதியிருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவர் கோப்பைத் திறக்கவில்லை, பாவம்.

"மால்லாக்கைக் கேமால்லாக் என்று மாத்திட்டா முடிஞ்சுது" என்று ஒரு அறிவாளி அங்கே எழுதியிருக்கிறார். கேமால்லாக் என்பது கெர்னலுக்குள் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன். முடியாது. அதற்கு ஜிஎஃப்பி_கெர்னல் என்ற குறியைக் கொடுத்தால் அந்த அழைப்பு, மெமரி கிடைக்கும்வரை காத்திருந்து, தூங்கப் போகலாம். ஸ்பின்லாக்கை (மற்றவர்களைச் சுற்றவிட்டுக் காக்கவைக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டோ இன்டரப்டுக்குள்ளிருந்தோ (ஹார்டுவேர் குறுக்கிட்டு அழைக்கும் கோடு) தூங்கக் கூடாது. அங்கே ஜிஎஃப்பி_அட்டாமிக் வேண்டும், அது கைவிரிக்கும் வாய்ப்பு அதிகம். தன்னை யார், எந்த நிலையில் கூப்பிடுகிறார்கள் என்பது நூலகத்துக்குத் தெரியாது. தெரியாதவன் மெமரி ஒதுக்கக் கூடாது. கூப்பிடுகிறவர்தான் இடத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஸ்டாக் இன்னொன்று. யூசர் புரோகிராமுக்கு வழக்கமாக 8 எம்பி. 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் ஒரு த்ரெட்டுக்கு 16 கேபி. 2014-க்கு முன் 8 கேபிதான். ஒரே ஃபங்ஷன் 2048 பைட்டைத் தாண்டினால் கம்பைலர் எச்சரிக்கும். சாதாரண நூலகக் கோடில் 4 கேபி பஃபர் லோக்கலாக அசால்ட்டாக உட்கார்ந்திருக்கும்.

"அப்போ பகிரவே முடியாதுன்னு சொல்றீங்களா?" நான் எங்கே சொன்னேன்? நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் காமன் என்றே தனி சோர்ஸ் மரம் இருக்கிறது. ஒரே சோர்ஸ் கோப்பு கெர்னலுக்கு ஒரு முறை, லிப்சிக்கு ஒரு முறை கம்பைல் ஆகும். லினக்ஸின் ரெய்டு6 (டிஸ்க் பழுதானாலும் தரவை மீட்கும் முறை) கோடை யூசர் புரோகிராமாகவும் கட்டிச் சோதிக்கலாம். கெர்னலில் வெக்டர் ரெஜிஸ்டரை (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிட சிபியு வைத்திருக்கும் இடம்) தொடுமுன் கெர்னல்_எஃப்பியு_பிகின், முடிந்ததும் எண்ட்; இல்லையென்றால் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் மதிப்புகள் நாசம். யூசர் பக்கத்தில் இதே இரண்டு பெயர்களுக்கும் உடல் வெறும் காலி அடைப்புக்குறி. கணக்குப் போடும் வரிகள் இரண்டு பக்கமும் ஒன்றேதான். அல்காரிதம் பொது, சூழல் தனி. எத்தனை தடவை சொல்வது?

"காப்பி பண்ணிக்கலாமே" கோஷ்டிக்கு: 2002-ல் இசட்லிப் என்ற தரவைச் சுருக்கும் நூலகத்தில் ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிக்கும் பிழை வந்தது. நூலகத்தை மட்டும் சரிசெய்தால் போதவில்லை. கெர்னலுக்குள் இருந்த நகல் உட்பட ஒவ்வொரு நகலையும் தேடித் தேடி ஒட்டுப்போட வேண்டியிருந்தது. இசட்ஸ்டாண்டர்ட் என்ற இன்னொரு சுருக்கும் நூலகம் 2017-ல் கெர்னல் 4.14-க்குள் வந்தபோது கெர்னல் பாணிக்குக் கையால் மாற்றியெழுதினார்கள். விளைவு, மூல நூலகம் வளர்ந்துகொண்டே போக, இங்கே 2022 ஜனவரியில் 5.16 வரும்வரை பழைய பதிப்பு. அந்த 5.16-லிருந்துதான் மூலத்திலிருந்து ஸ்கிரிப்ட் வழியாகவே எடுக்கும் முறை.

விடிஎஸ்ஓ பற்றிக் கேட்பவர்களே, அது கெர்னல் கொடுக்கும் குட்டி நூலகம்; நேரம் பார்க்கிற மாதிரி சில வேலைகளுக்கு மட்டும். உங்கள் வாதத்துக்கு அது உதவாது. ரஸ்ட் மொழி ஆட்களே, உங்கள் முழு நூலகமான எஸ்டிடியும் கெர்னலுக்குள் போகாது, அதன் அடிப்படைப் பகுதியான கோர் மட்டும்தான். அடுத்த ஆள்.

எனக்கு வலிப்பது மீம் இல்லை. வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவியை சோர்ஸிலிருந்து கட்டியவர்களுக்குத் தெரியும்: கெர்னல் ஹெடரும் (அறிவிப்புகள் உள்ள கோப்பு) டூல்ஸ் ஃபோல்டரில் இருக்கும் அதன் நகலும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை வரும். ஒருவர் உட்கார்ந்து வித்தியாசம் பார்த்து, நகலைப் புதுப்பித்து, பேட்ச் அனுப்புவார். அடுத்த ரிலீஸிலும் அதே வேலை. அலுப்பான வேலை, லைக் கிடையாது. அதைச் செய்கிறவர்களுக்கு நாம் கொடுத்த பெயர் ஈகோ.

இன்னும் நம்பாதவர்கள் ஒரு கெர்னல் மாட்யூல் எழுதி, அதன் தொடக்க இனிட் ஃபங்ஷனில் 20 கேபி லோக்கல் அர்ரே வைத்து மெம்செட் செய்து, கம்பைலர் எச்சரிக்கையை வழக்கம்போல் கண்டுகொள்ளாமல் அதைக் கெர்னலில் ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளையை அடியுங்கள். ஸ்டாக்குக்குக் கீழே உள்ள காவல் பக்கத்தில் (தொடக் கூடாத மெமரி) இடித்தால் பேனிக், அதாவது கெர்னலே நின்றுபோகும், அதைத் தாண்டிக் குதித்தால் பக்கத்து மெமரிக்கு ஆபத்து. வர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம்.