பிராக்சிஸ் மாதிரி தேர்வு இங்கே எதற்கு?
அமெரிக்காவைப் போல நம் மலேசிய ஆசிரியர்களுக்கும் உரிமத் தேர்வு வேண்டும் என்று வாதிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அந்த வாதம் பாதிதான் சரி. அங்கே பல மாநிலங்களில் ஆசிரியர் உரிமத்துக்கு எழுதும் தேர்வுதான் பிராக்சிஸ். ஒரே பிராக்சிஸ் தாளை எழுதினாலும், தேர்ச்சி மதிப்பெண்ணை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. ஒரு மாநிலத்தில் தேறியவர் எல்லை தாண்டினால் தோற்றவர் ஆகலாம், நல்ல கூத்து! நம் நாட்டில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்தவர்களைத் தகுதித் தேர்வும் நேர்முகமும் நுழைவிலேயே சலித்துவிடுகின்றன. பிறகு ஆசிரியர் கல்விக் கழகத்தில் பல ஆண்டுப் பயிற்சி. அதற்கும் மேல் இன்னொரு தாளா?

பள்ளி உளவியலாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோருக்கும் பிராக்சிஸில் தனித் தாள் உண்டு. கட்டுரை அதைத் தொடவேயில்லை. பினாங்கில் என் பேரன் படிக்கும் தமிழ்ப்பள்ளியில், திக்கிப் பேசும் பிள்ளையைக் கவனிக்க வகுப்பாசிரியையை விட்டால் ஆளில்லை. கல்வியமைச்சு முதலில் அந்தப் பணியிடங்களை உருவாக்கட்டும். தேர்வைப் பிறகு பேசலாம்.