வீட்டுத்திட்டக் காசும் சாமியறையும்

வீடு கட்டத் தாற வீட்டுத்திட்டக் காசு ஒரேயடியாய் வராது; அத்திவாரம், லிண்டல் (கதவு யன்னலுக்கு மேலை போற கொங்கிரீட் வளை), கூரை எண்டு வேலை ஏற ஏறத்தான் வரும். இலங்கையிலை 2012இலை தொடங்கின இந்திய வீட்டுத்திட்டத்து 550,000 ரூபாவும் அப்பிடிக் கட்டங்கட்டமாய்த்தான் வந்தது. தெரிஞ்சுகொண்டும் ஏன் ஐயா 550 சதுர அடிப் படத்துக்கு 800க்கு அத்திவாரம் வெட்டுறியள்?

"பிறகு கட்டலாம், இப்ப சாமியறைக்கும் சேர்த்துப் போட்டுவிடு" எண்டு ஒரு மாமா சொல்லுவார். காசு தரமாட்டார். 10க்கு 10 அறை ஒண்டு ஒட்டினால் 30 அடி அத்திவாரம் கூடும். பிறகு அதே 30 அடிக்குச் சுவர், 100 சதுர அடிக்கு நிலமும் கூரையும். முதல் கட்டக் காசு மண்ணுக்கை போக, சுவர் யன்னல் மட்டத்திலை நிண்டுவிடும். லிண்டல் ஏறாமல், வேலையைப் பார்க்க வாற தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையெழுத்து வைக்கார். கையெழுத்தில்லாமல் அடுத்த காசில்லை. சங்கிலி அடகுக்குப் போகும், வட்டி ஓடும்.

அந்த நெருக்கடியிலைதான் மலிவெண்டு கடற்கரை மண்ணை லிண்டலுக்குக் குழைக்கிறது. உப்புப் பட்ட கம்பி கறள் பிடிச்சு ஊதும், கொங்கிரீட் வெடிச்சுக் கொட்டும்.

அறை கட்டாயம் வேணுமெண்டால், இப்ப அத்திவாரம் வெட்டாமல், பிறகு கட்டுற சுவர் கோத்துப் பிடிக்க, சுவர் தொடரப்போற இடத்திலை ஒண்டுவிட்டொரு வரிக் கல்லைப் பல்லுப்போலை வெளியிலை நீட்டி விடச்சொல்லி மேசனிட்டைச் சொல்லுங்கோ. அதுக்குச் செலவு ஏழெட்டுக் கல்லு.