பொருத்து வீட்டை மறுத்தவர்கள் வீட்டையே மறுத்தவர்களா?

“இலங்கையின் வடக்கு மக்கள் இலவச வீட்டையும் வேண்டாமென்றவர்கள், எதிலும் திருப்தியடையாதவர்கள்” என்று கைபேசிகளில் பரவும் செய்தி தவறானது. 2016இல் பேசப்பட்ட 65,000 பொருத்து வீடுகளை, அதாவது ஆலையில் செய்த உருக்குப் பாகங்களைப் பொருத்தி எழுப்பும் வீடுகளை, மக்கள் எதிர்த்தது, ஒன்றுக்கு முதலில் 20 இலட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்ட அந்த உருக்கு வீடு வெயிலில் தகிக்கும், விறகடுப்புக்கு ஒவ்வாது, பிள்ளைகள் வளர்ந்தபின் ஓர் அறை கூட்டிக் கட்டவும் இடந்தராது என்பதாலேயே. பொறியியலாளர்களும் அதையே சுட்டிக்காட்டினர். மக்கள் கேட்டது கல்வீடு.

2012இல் கட்டத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், இதே மக்கள் 550,000 ரூபாய் மானியத்தைத் தவணைகளாகப் பெற்று, தம் வளவில் தாமே நின்று கல்வீடு கட்டினார்கள். அவர்களுக்கு மனக்குறை இல்லாமலில்லை: சீமெந்தும் மணலும் விலையேற, மானியம் போதாமல், தாலிக்கொடியை அடகுவைத்துக் கூரை போட்டவர்கள் பலர். பூசாத சுவர்கள் சொல்வது அந்தக் கடனையே. அதை நன்றிகேடு என்பது பெரும் அநியாயம்.