மெய்நிகர் உலகில் தமிழ் எழுத நம் விரற்கணுக்களே போதும்

கண்ணை மறைத்து வேறோர் உலகைக் காட்டும் மெய்நிகர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே தமிழில் ஒரே ஒரு வரி எழுத முயன்று பாருங்கள். கையில் இருக்கும் கருவியிலிருந்து ஒரு கதிர் நீளும். முன்னே அந்தரத்தில் ஒரு விசைப்பலகை மிதக்கும். அந்தக் கதிரை எழுத்தெழுத்தாகக் கொண்டுபோய் நிறுத்தி, கைக்கருவியின் விசையை இழுக்க வேண்டும். ‘யாழ்ப்பாணம்’ நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடின் கணக்கில் 11 குறிகள்: ய, கால், ழ, புள்ளி, ப, புள்ளி, மறுபடி ப, கால், ண, ம, புள்ளி. ஊர்ப் பெயரை எழுதி முடிப்பதற்குள் தோள் கடுக்கிறது. விரல்கள் எல்லாம் சும்மா கிடக்க, தோளும் முழங்கையும்தான் பாடுபடுகின்றன.

இது எனக்குச் சின்ன விடயமாகத் தெரியவில்லை. பாடமும் வேலையும் மெல்ல மெல்ல இந்தக் கருவிகளுக்குள் நகருமானால், அங்கே இலகுவாக எழுத முடியாத மொழியை நம் பிள்ளைகளே கைவிட்டுவிடுவார்கள். கைபேசி வந்த புதிதில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகிய ஒரு தலைமுறை இன்னும் அந்தப் பழக்கத்திலிருந்து மீளவில்லை. இம்முறை கருவி பரவுவதற்கு முன்பே நாம் யோசிக்க வேண்டும்.

கையில் அணியும் உள்ளீட்டுக் கருவிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1977இல் சிக்காகோவில் உள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் தோமஸ் டிஃபான்டியும் டானியல் சான்டினும் சேயர் கையுறையை உருவாக்கினார்கள். விரல் நெடுக வளையும் ஒரு குழாய், ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளியுணரி. விரலை மடக்கினால் வெளிச்சம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து எவ்வளவு மடங்கியது என்று கணினி அறியும். பிறகு மெய்நிகர் தொழில்நுட்ப முன்னோடி ஜாரன் லானியரின் வி.பி.எல். நிறுவனம் ஒளியிழை பொருத்திய டேட்டாகுளோவ் என்ற கையுறையைக் கொண்டுவந்தது. 1989இல் நின்டெண்டோ கணினி விளையாட்டுகளுக்காக மட்டெல் நிறுவனம் பவர் குளோவ் என்ற கையுறையை விற்றது. அதில் சின்னவிரலுக்கு உணரியே கிடையாது. இன்றைய ஆய்வுக்கூடக் கையுறைகளில் காற்றழுத்தத்தால் விரலைத் தடுத்து, இல்லாத பொருளை இருப்பதுபோல் உணரவைப்பவையும் இருக்கின்றன. வியக்கத்தக்க வேலைதான். ஆனால் அவற்றின் விலை நம் ஊர்ப் பாடசாலை எதற்கும் எட்டாது.

இந்த வரிசையில் என் மனதை மிகவும் கவர்ந்தது லூசிட்குளோவ்ஸ் என்ற திறந்த வடிவமைப்பு. அலுவலக அடையாள அட்டையைத் தொங்கவிடும் சுருள் இருக்கிறதல்லவா, இழுத்தால் நூல் நீண்டு, விட்டால் தானே சுருண்டுகொள்ளும் அதே சுருள்தான் அதன் உயிர். நூலின் நுனி விரல் நுனியில் கட்டப்பட்டிருக்கும். விரலை மடக்கும்போது நூல் இழுபட்டுச் சுருள் சுழலும். பழைய வானொலியின் ஒலிக்குமிழுக்குள் இருப்பது போன்ற ஒரு மாறுமின்தடை அந்தச் சுழற்சியை அளந்து சொல்லும். பழுதானால் யாரும் கழற்றிப் பார்க்கலாம், திருத்தலாம். நமக்கு ஏற்ற சிந்தனை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் முழுக் கையுறை யாழ்ப்பாணத்துக்குச் சரிவராது என்பதே என் உறுதியான எண்ணம். சித்திரை, வைகாசி வெக்கையில் அரை மணி நேரம் அதை அணிந்தால் உள்ளங்கை ஊறிவிடும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒரே கையுறையை மாற்றி மாற்றிப் போடுவதை நினைத்துப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கும் ஆசிரியரின் கைக்கும் ஒரே அளவும் பொருந்தாது.

அப்படியானால் வெறும் கையே போதாதா, கமரா பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2019இன் கடைசியில் ஒக்கியூலஸ் குவெஸ்ட் என்ற ஹெட்செட்டில் அந்த வசதி வந்தது. 2024இல் வெளிவந்த அப்பிள் விஷன் புரோ ஹெட்செட் கைக்கருவியே இல்லாமல் இயங்குகிறது. ஆனால் கமரா தலையில் இருக்கிறது. அதற்குத் தெரியாத விரலை அது ஊகிக்கத்தான் முடியும். பரதம் பழகிய பிள்ளை ஒன்று விரல்களைச் சேர்த்து நீட்டும் பதாக முத்திரையைப் பிடித்துவிட்டு, மோதிரவிரலை மட்டும் மடக்கித் திரிபதாகமாக மாற்றட்டும். புறங்கை கமராவின் பக்கம் இருந்தால் மடங்கிய விரல் கைக்குப் பின்னால் மறைந்துபோகும். இரு கை விரல்களையும் கோர்க்கும் கர்க்கடகத்தில் எந்த விரல் எந்தக் கைக்குரியது என்ற குழப்பமும் சேரும். 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் பிசகாமல் பிரித்தறிய விரலிலேயே ஓர் உணரி வேண்டும்.

இனி என் யோசனை. எங்கள் அம்மம்மாமார் கணக்குப் பார்த்த விதத்தை நினைவுபடுத்துங்கள். பெருவிரல் நுனி மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். விரலுக்கு 3 கணு, நான்கு விரலுக்கு 12. தமிழில் உயிரெழுத்தும் 12. இடக்கையில் சுட்டுவிரல் நுனியிலிருந்து கீழ்நோக்கி அ, ஆ, இ. நடுவிரலில் ஈ, உ, ஊ. மோதிரவிரலில் எ, ஏ, ஐ. சின்னவிரலில் ஒ, ஓ, ஔ. பெருவிரல் எட்டுவதற்கு மிகவும் கடினமான இடம் சின்னவிரலின் அடிக்கணு. அங்கே வந்து விழுவது நாம் மிக அரிதாக எழுதும் ஔ! இதைக் கண்டுகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

வலக்கை மெய்யெழுத்துக்கு. நுனிக்கணு வரிசை வல்லினம், நடுக்கணு வரிசை மெல்லினம், அடிக்கணு வரிசை இடையினம். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு விரலுக்கு நான்கு எழுத்து. சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தொட்டால் ஐந்தாவது, மோதிரவிரலையும் சின்னவிரலையும் சேர்த்துத் தொட்டால் ஆறாவது. மெல்லினத்தில் ங, ஞ இரண்டையும் இந்தச் சேர்த்துத் தொடும் இடங்களுக்கு அனுப்பிவிடலாம். ம, ன போன்று அடிக்கடி வருபவை தனி விரலில் இருக்கட்டும். இடக்கை மட்டும் தொட்டால் உயிர், வலக்கை மட்டும் தொட்டால் மெய், இரண்டும் ஒருசேரத் தொட்டால் உயிர்மெய். இரு பெருவிரல்களும் ஒன்றையொன்று தொட்டால் ஃ. ‘யாழ்ப்பாணம்’ 6 தொடுகையில் முடிந்துவிடும். கையைத் தூக்கவே வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டே எழுதலாம்.

இதற்குத் தேவை விரல்களில் மெல்லிய வளையங்கள், அவற்றில் மின்கடத்தும் துணித்துண்டுகள், பெருவிரலுக்கு ஒரு சிறு உறை, மணிக்கட்டில் ஒரு சிறிய சுற்றுப்பலகை. தோல் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கும் தொடுவுணர்வு இங்கே இலவசமாகக் கிடைக்கிறது, ஏனென்றால் தொடுவதும் தொடப்படுவதும் நம்முடைய விரல்தான். வியர்வை இரண்டு துணித்துண்டுகளை இணைத்துப் பிழையான எழுத்தைத் தரக்கூடும். ஆகவே துண்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைக் குளிரூட்டிய அறையில் அன்றி, வைகாசி மதியத்தில் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

யார் இதையெல்லாம் பழகப் போகிறார்கள் என்ற கேள்வி வரும், நியாயமான கேள்விதான். 1968 டிசெம்பரில் அமெரிக்கப் பொறியியலாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் கணினிச் சுட்டியை (மவுஸ்) உலகுக்குக் காட்டியபோது, அவரது மறுகையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகை ஒன்றும் இருந்தது. சேர்த்து அழுத்தினால் எழுத்து வரும். சுட்டி உலகம் முழுவதும் போனது, ஐந்து விசைப் பலகை பரவவில்லை. ஆனால் பார்வையற்ற பிள்ளைகள் பிரெயில் தட்டச்சில் ஆறு விசைகளைச் சேர்த்து அழுத்தித்தான் எழுதுகிறார்கள். பயன் இருந்தால் கை பழகும். நம் நெடுங்கணக்கின் ஒழுங்கு ஏற்கனவே பிள்ளைகளின் மனதில் இருப்பதால், இங்கே மனனம் செய்ய வேண்டியதும் குறைவு.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. நம் மண்ணில் எறிகணையிலும் கண்ணிவெடியிலும் விரலை இழந்தவர்கள், கையையே இழந்தவர்கள் நம் தெருக்களில், நம் வீடுகளில் இருக்கிறார்கள். பத்து விரலும் உள்ளவருக்கு மட்டுமான கருவியை இங்கே இருந்துகொண்டு நான் முன்மொழிய மாட்டேன். ஒற்றைக் கையால் மெய்யைத் தொட்டு, அடுத்து உயிரைத் தொட்டு எழுதும் முறை தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். விரல் இல்லாதவருக்கு மணிக்கட்டுப் பட்டி ஒரு வழி. விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருப்பதால், விரல் போன பிறகும் அந்தத் தசைகளின் மின்துடிப்பைப் பிடிக்க முடியும். 2025 செப்டெம்பரில் மெட்டா நிறுவனம் திரை பொருத்திய தன் மூக்குக்கண்ணாடியோடு இத்தகைய பட்டி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் திறனைத் தமிழ் எழுத்துக்கு யார் பழக்குவது? நாம்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் யாராவது இதை எடுத்துச் செய்ய விரும்பினால், என் வரைபடங்கள் அனைத்தையும் தருகிறேன், பெயர்கூட வேண்டாம். தையல் தெரிந்தவர்களும் எழுதுங்கள்: மின்கடத்தும் துணியை வளையத்தில் எப்படித் தைத்தால் பலமுறை கழுவியும் பிரியாமல் இருக்கும்? ஜ, ஷ, ஸ, ஹ நான்குக்கும் இன்னும் இடம் ஒதுக்கவில்லை. பெருவிரலால் ஒரே கணுவை இருமுறை தட்டுவது என்பது இப்போதைக்கு என் எண்ணம். அதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.