எடை போட்டது தப்பில்லை, மைக்கில் வாசித்ததுதான் தப்பு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் அரசாங்கமும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து உடல் பருமனைக் குறைக்க ஒரு நடைப்பயணம் நடத்தினார்கள். அங்கே ஐந்து பேரை மேடையேற்றி எடை போட்டார்கள். அதில் ஒரு அக்காவின் வீடியோதான் மூன்று நாளாக இன்பாக்ஸில் வந்துகொண்டே இருக்கிறது. 'உங்க ஏரியாதானே, பார்த்தீங்களா' என்று கூடவே ஒரு சிரிப்பு பொம்மை வேறு. நான் வீடியோவில் பார்க்க வேண்டியதில்லை, அந்த மைதானத்தில் மூன்றாவது வரிசையில்தான் நின்றேன். நீயும் சிரித்தாயா என்று கேட்டால், இல்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கமும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து உடல் பருமனைக் குறைக்க ஏதாவது செய்வதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, செய்யத்தான் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9தான். விளையாட்டு விஷயமா இது? அதனால் எடை போட்டது தப்பே இல்லை. ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து மேடையேற்றி, மெஷினில் நிற்க வைத்து, வந்த எண்ணை ஊருக்கே கேட்கும்படி மைக்கில் வாசித்தார்களே, அதுதான் தப்பு. அதுவும் 'மெஷின் தாங்குமாம்மா?' என்ற ஜோக்கோடு.

ஏற்றிய ஐந்து பேரும் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா? அதே ஆய்வில் ஆண்கள் 37 சதவீதம். அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. இடுப்பளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தையல்காரரின் இஞ்ச் டேப் ஒன்றை எடுத்து, பொன்னாடையோடு முன்வரிசை நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர்களிடமிருந்து தொடங்கியிருக்கலாமே. யாருக்குத் தைரியம் வரும்?

நடந்து முடித்து வியர்வையோடு திரும்பியவர்களுக்கு வாசலில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? மாம்பழ ஜூஸ் ஒரு டப்பா, க்ரீம் பிஸ்கட் ஒரு பொட்டலம். 'ஸ்பான்சர் இல்லாம பந்தலுக்கு யார் காசு கொடுப்பா' என்று ஒரு தம்பி ஏற்கனவே கமெண்டில் கேட்டிருக்கிறார். சரி, நியாயமான கேள்விதான். வியாபாரிகள் வரட்டும், அவர்களும் ஊர்க்காரர்கள்தானே. அந்தக் காசுக்கு ஒரு அண்டா மோர் வைத்திருந்தால் மானாமதுரை வரைக்கும் வாழ்த்தியிருப்போம். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்தில் கோலா வகைகளை 40 சதவீதத்தில் வைத்துவிட்டு, பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீமை எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறக்கினார்கள். கடையில் அதன் வரியைக் குறைப்பார்களாம், மைதானத்தில் அதையே இலவசமாகக் கொடுப்பார்களாம், அப்புறம் எங்களை மேடையேற்றி வாயைக் கட்டச் சொல்வார்களாம்.

'நீயும் குண்டு, அதனால உனக்குச் சுடுது' என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், சுடுகிறது. போன மாசம் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, 'அக்கா, ரெண்டு ஆள் காசு கொடுத்துருங்க' என்றார். பின்னால் இருந்த காலேஜ் பெண்கள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆள் காசு கொடுத்தேன், கொடுத்துவிட்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன். உடற்பயிற்சி!

நடக்க வேண்டியதுதானே என்பீர்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தவள்தான் நான். சாயங்காலம் போனால் சுவரில் உட்கார்ந்திருக்கும் பையன்களின் கமெண்ட். அதற்குப் பயந்து காலை ஐந்து மணிக்குப் போனால் தெருமுனையில் ஏழு நாய். நடைபாதை கிடைத்தால் அதில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சேர்ந்து வேலை செய்கிற அரசும் சங்கமும் அந்தத் தெருவிளக்கையும் நாயையும் பார்த்தாலே பாதிப் பேர் நடக்க வந்துவிடுவோம். ஆனால் அதையெல்லாம் மைக்கில் அறிவிக்க முடியாதே, கைதட்டல் விழாதே.

'வெட்கம் வந்தாத்தான் குறைப்பாங்க' என்று படித்தவரே ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வெட்கம் இருக்கிறது. வெட்கத்தால் எடை குறையும் என்றால் இந்நேரம் நான் பட்டம் மாதிரி பறந்துகொண்டிருக்க வேண்டும்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தெரியாமலும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருவாள். மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிபி பார்ப்பாள், விரலில் குத்தி சுகர் பார்ப்பாள். எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, 'கொஞ்சம் ஏறியிருக்குக்கா' என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கே நான் சொன்னால்தான் தெரியும். அரசாங்கமும் மக்களும் சேர்ந்து செய்வது என்றால் என் கண்ணுக்கு அவள்தான் தெரிகிறாள்.

வீடியோவில் இருக்கும் அக்கா எங்கள் தெருதான். பெயர் வேண்டாம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மாவுப் பானையோடு நிற்கிற மனுஷி, உழைக்காமல் வந்த உடம்பில்லை அது. ஞாயிற்றுக்கிழமை கையைக் காட்டி அவரைக் கூப்பிட்டபோது, ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடியே ஏறினார்.

நேற்று அந்தத் தன்னார்வலர் பெண் பிபி மெஷினோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அக்கா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மாத்திரை அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டாராம்.