மிளகாய் நம் மண்ணில் பிறந்ததா? அந்தப் பதிவு தவறு

“மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் ஐயாயிரம் ஆண்டுகளாக நம் மண்ணில் விளைந்தவை. நம் சாம்பாரில் அந்நியக் கலப்பே கிடையாது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. அது உண்மையல்ல.

மிளகாயின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய பகுதிகளும். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளைச் சேர்ந்தது. தக்காளியும் அந்தக் கண்டத்துச் செடிதான். 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர் கப்பல்கள் வந்துபோகத் தொடங்கிய பின்பே மிளகாய் இங்கு வந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு செடியின் தாயகத்தையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

மிளகாய் வருவதற்கு முன் நம் காரம் மிளகுதான். அதுதான் உண்மையில் நம் பக்கத்துச் செடி, மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்தது. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கப்பல்கள் சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149-ஆம் பாடல் சொல்கிறது. புதிதாக வந்த காரக் காய்க்கு அந்தப் பழைய பெயரையே கொடுத்தோம்: மிளகு, காய், மிளகாய். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? ஒரு மிளகையும் ஒரு மிளகாயையும் கையில் கொடுத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதே மிளகாய்தான் கொரியாவின் கிம்ச்சியையும் சிவப்பாக்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தத்தைப் போடுங்கள்.